பதினொரு பாட்டு நேரம்

பின்பனிக் காலத்துக்குப் பேச்சில்லை. கார்காலம் இடித்து உரைக்கும். முதுவேனில் அனலாய்ச் சீறும். பின்பனியோ துக்கவீட்டு வாசலில் வந்தமர்ந்த உறவினரைப் போல, வந்த சுவடும் தெரியாமல், எழுந்து போகும் எண்ணமும் இல்லாமல், காண்பவை அனைத்தின்மேலும் ஒரு கனத்தை இறக்கி வைத்துவிடும். மரங்கள் அசையா. தெருவிளக்குகள் தம் ஒளியைத் தாமே விழுங்கி, நோயாளியின் கண்களாய் மங்கி நிற்கும். வைகறை வந்துவிட்டதென்று சொல்லக் கதிரவன் வரமாட்டான். சாம்பல் நிறம் சற்றே வெளிறும், அவ்வளவுதான். உழைப்பவன் மட்டுமே அந்த வெளிறலை அறிந்து எழுவான். அவனுக்கு வேறொன்றும் தெரியும்: அந்தப் பருவத்தில் இரும்புக்குப் பல் முளைத்திருக்கும்.

அந்தப் பல்லுக்குத் தன் பத்து விரல்களையும் கொடுத்தபடி, தாங்கிகளின்மேல் ஏற்றி நிறுத்திய ஒரு காரின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்தான் பதினாலு. முதுகின்கீழே கிழிந்த சாக்கு. சாக்கின்கீழே ஈரச் சிமெண்டுத் தரை. மேலிருந்து கறுத்த எண்ணெய் சொட்டுச் சொட்டாய்க் கழுத்தில் விழுந்து, காதுக்குப் பின்னால் வழிந்து, சட்டைக்குள் போயிற்று. பதினாலாம் நம்பர் ஸ்பானர் ஒன்றைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டே முப்பது ஆண்டுகள் நடந்தவன் என்பதால் அந்தப் பெயர். உட்காரும்போதும் அதை எடுக்கமாட்டான். வீட்டில் நாற்காலிகள் கிழிந்ததற்கு அதுவே காரணம் என்பது அவன் மனைவியின் நெடுநாள் வழக்கு.

கீழே கிடந்தபடி அவன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தாய் விளக்கேற்றி நாள்தோறும் ஓதிய பதிகம். பத்துப் பாட்டும், பாடுவோர்க்குப் பயன் சொல்லும் பதினோராவது பாட்டும். தாயிடமிருந்து அவனுக்கு வந்த சொத்து அது ஒன்றே. அதை அவன் கைக்கடிகாரமாக ஆக்கிக்கொண்டிருந்தான். துருவேறிய நட்டுக்கு எண்ணெய் விட்டால் எட்டுப் பாட்டு பொறுப்பான். பசை ஒட்டினால் பதினொன்றும் பாடி முடிப்பான். பட்டறையில் எவருக்கும் இது தெரியும்.

"என்ன மாமா, எத்தனையாவது பாட்டு?" என்று குனிந்து கேட்டான் அவன் மைத்துனன். மனைவியின் தம்பி; நான்கு ஆண்டுகளாக இதே பட்டறையில் உடன் உழைப்பவன்.

"ஏழு. இன்னும் மசியல மாப்ளே."

"எட்டுல மசியும். போன வாரமும் எட்டுலதான் மசிஞ்சுச்சு."

அந்தப் பக்கம் நசுங்கிய கதவொன்றைச் சுத்தியால் நிமிர்த்திக்கொண்டிருந்த டிங்கர், சுத்தியலோசையிலேயே செவியைப் பாதி பறிகொடுத்தவர், ஊருக்கே கேட்கும்படிக் கத்தினார்: "மசியலையா? அப்ப அது நாத்திக நட்டுடா!"

சிரிப்பு அடங்குவதற்குள் வெளுத்த சட்டையோடு ஒருவன் உள்ளே வந்தான். எல்லாரும் அவனை டிப்ளமா என்றார்கள். மரியாதையால் அன்று.

"துருவுக்கு ஸ்ப்ரே இருக்கு. ரெண்டே நிமிஷம்," என்றான் டிப்ளமா.

"உன் ஸ்ப்ரே மொதலாளி ரூம்ல பூட்டிக் கெடக்கு தம்பி. என் பாட்டு பூட்டிக் கெடக்கல."

"வேலை நேரத்துல தம்பின்னு கூப்பிடாதீங்க. நான் உங்களுக்கு..."

"சொல்லு, சொல்லு. மேலதிகாரின்னு சொல்லு. வாய் வெந்துடாது."

இந்தப் பகைக்கு ஒரு பலகை காரணம். ஆறு மாதத்துக்கு முன் முதலாளி அதை வாசலில் மாட்டினார்: ‘பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்கள் மட்டுமே இங்கு உங்கள் வாகனத்தைத் தொடுகிறார்கள்.’ பட்டறையில் சான்றிதழ் உள்ளவன் ஒருவனே. பலகை ஏறிய மறுநாளே, சான்றிதழ் இல்லாத ஒன்பது பேரும் ஏட்டில் ‘உதவியாள்’ ஆனார்கள். கூலியும் உதவியாள் கூலியாய் இறங்கிற்று. செய்த வேலை மட்டும் இறங்கவில்லை. நாளொன்றுக்கு ஆறு வண்டி வரும். ஒருவன் ஆறைத் தொடமுடியாது. எனவே வண்டிகளைத் தொட்டவை ஒன்பது பேரின் கைகள். வண்டிக்கு வண்டி எழுதும் ஜாப் கார்டில் விழுந்ததோ டிப்ளமாவின் கையெழுத்து. அவன் கை வலிக்கக் கூடாதென்று முதலாளி அந்தக் கையெழுத்தை ரப்பர் ஸ்டாம்பாகவே செய்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். ஒருமுறை டிப்ளமா அதைத் திருப்பிக் கேட்டான். "உனக்குப் பேரு, எனக்கு வேலை. பிடிக்கலைன்னா வாசல் அகலமாத்தான் கட்டியிருக்கேன்," என்றார் முதலாளி.

கூலியைக் குறைத்தவர்மேல் பாயவேண்டிய கோபம், பக்கத்தில் நின்றவன்மேல் பாய்ந்தது. ஒன்பது பேரும் டிப்ளமாவோடு ஒரு பாத்திரத்தில் தேநீர் குடிப்பதில்லை. அவனும் அவர்களுடைய கருவிப் பெட்டியைத் தொடுவதில்லை.

அன்று வந்தது பெட்ரோலும் பேட்டரியும் கலந்து ஓடும் வண்டி. டிப்ளமா பின்சீட்டைக் கழற்றி வைத்தான். தடித்த ரப்பர் கையுறை மாட்டி, சீட்டுக்கடியில் இருந்த பெரிய பேட்டரியின் பக்கவாட்டிலிருந்து கைப்பிடி வைத்த ஆரஞ்சு நிறப் பிளக் ஒன்றைத் திருகி இழுத்தான். இழுத்ததைத் தன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டான்.

"அரைஞாண்ல கட்டிக்கப்பா. தொலைஞ்சிடப் போகுது," என்றான் பதினாலு. வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயின்டர் இருமுவதுபோல் சிரித்தான்.

"இது என் பையில இருக்கிற வரைக்கும்தான் உங்க உயிரு உங்க உடம்புல இருக்கும். கழட்டினதுக்கப்புறமும் பத்து நிமிஷம் யாரும் தொடக்கூடாது."

"முப்பது வருஷமா வண்டி தொடுறேன். பேட்டரியில மைனஸைக் கழட்டிட்டா எப்பேர்ப்பட்ட வண்டியும் செத்த பாம்பு."

"செத்த பாம்புதான் கொத்தும். படிக்காதவனை."

சுத்தியல் நின்றது. செவி மந்தமான டிங்கருக்கும் அந்தச் சொல் கேட்டுவிட்டது. பதினாலு மண்ணெண்ணெய்த் தட்டில் கிடந்த பற்சக்கரம் ஒன்றை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாயிருந்ததை, மறுபடியும் தேய்க்கத் தொடங்கினான்.

அப்போது கண்ணாடி அறையிலிருந்து முதலாளி செல்போனோடு வெளியே வந்தார். "டிப்ளமா, கெளம்பு. நெடுஞ்சாலையில ஒரு வண்டி நின்னுடுச்சாம். பெரிய இடத்து வண்டி."

"இந்த வண்டி சார்?"

"வந்து பாத்துக்கலாம். பிளக்கைக் குடுத்துட்டுப் போ."

"சார், வேலை முடியற வரைக்கும் இது என்கிட்டதான் இருக்கணும். அதுதான் முறை."

"பட்டறை யாருது? நீ நிக்கிற தரை யாருது? குடு."

கொடுத்தான். போனான்.

அவன் தலை மறைந்த சற்றைக்கெல்லாம் வண்டிக்குச் சொந்தக்காரர் வந்தார். சீட்டைப் பிரித்துப் போட்டிருப்பதைக் கண்டு அவர் முகம் சுருங்கிற்று. வண்டி இன்று கிடைக்குமா, வேறிடம் பார்க்கவா என்றார். முதலாளி சிரித்தபடி பின்கதவுக்குள் குனிந்தார், நிமிர்ந்தார், முன்பக்கம் போய்ப் பொத்தானை அழுத்தினார். டேஷ்போர்டில் நீலமும் பச்சையுமாய் விளக்குகள் எரிந்தன. "பாருங்க, உயிரோடத்தான் இருக்கு. ஒரு மணி நேரம் உட்காருங்க, எடுத்துட்டுப் போகலாம்." மண்ணெண்ணெய்த் தட்டருகே நின்ற பதினாலு அந்த விளக்குகளைக் கண்டான். கண்டான், அவ்வளவுதான். அவற்றின் பொருள் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவன் கேட்டதுமில்லை.

விளக்கு அணைந்தது. சொந்தக்காரர் முன்னறைக்குப் போனார். முதலாளி மைத்துனனை விரலசைத்துக் கூப்பிட்டார்.

"பேட்டரி மூடியைத் தொற. துருப்பிடிச்ச நட்டெல்லாம் மாத்தணும். ஒரு மணி நேரம்."

"டிப்ளமா வரட்டுமே மொதலாளி. போர்டுலயே..."

"போர்டு வெளிய நிக்கிறவனுக்கு. நீ உள்ள நிக்கிறவன்."

மைத்துனன் நேரே பதினாலிடம் வந்தான். "மாமா, இதுல கை வைக்கலாமா? என்னமோ மனசு ஒப்பல."

பதினாலின் நெஞ்சில் ‘படிக்காதவன்’ என்ற சொல் முள்ளாய் நின்றது. முள் பட்ட கால் பார்த்து நடக்காது, உதறி நடக்கும்.

"முன்னாடி சின்ன பேட்டரியில மைனஸைக் கழட்டு. அப்புறம் என்ன, செத்த பாம்புதான். அந்தப் படிச்ச புள்ள திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சு, மூஞ்சியில காட்டு." பின்பாக்கெட்டிலிருந்து தன் ஸ்பானரையும் உருவிக் கொடுத்தான். முப்பது ஆண்டில் அதை அவன் பிறர் கையில் கொடுத்தது அன்றுதான்.

தாங்கிகளின்மேல் நின்ற தன் காருக்கடியில் மீண்டும் போய்ப் படுத்தான். நான்காவது பாட்டில் இருந்தான்.

முதலில் வந்தது ஓசை அன்று, ஒளி. வண்டிக்கடியில் இருந்த ஒவ்வொரு போல்ட்டின் நிழலும் கத்தியால் கீறினாற்போல் தரையில் விழுந்தது. பிறகே அந்த ஓசை; துணி கிழிவதுபோல் தொடங்கி, கல் உடைவதுபோல் முடிந்தது. அதன்பின் மைத்துனனின் குரல். அது ‘மாமா’ என்று அழைத்தது.

இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்த பதினாலாம் நம்பர் ஸ்பானர் நடுவில் உருகி வளைந்து, அங்கேயே ஒட்டிக் கிடந்தது. மைத்துனன் பின்னோக்கி வீசப்பட்டுத் தரையில் கிடந்தான். வலக்கையை மார்போடு அணைத்திருந்தான். பிறர் குழந்தையை வாங்கி வைத்திருப்பவனைப்போல, அசையாமல். கரிந்த ரப்பர் நெடியோடு வேறொரு நெடியும் எழுந்தது. அது என்னவென்று அங்கிருந்த எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில், சுவரோரப் பெஞ்சில், பதினாலின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்டு வெளியே வந்த மருத்துவர், "கண்ணுக்கு ஒண்ணுமில்ல. கைதான். விரல்களைக் காப்பாத்தப் பாக்கிறோம், ரெண்டு நாள் போகணும்," என்று சொல்லிச் சென்றார். அவள் அழவில்லை. கணவனைப் பார்த்தாள்.

"அவன் கேக்காமக் கொள்ளாம ஒரு காரியம் செய்ய மாட்டானே. தண்ணி குடிக்கிறதுன்னாக்கூட ஒரு வார்த்தை கேட்டுத்தான் குடிப்பான். இதுக்கு யாரைக் கேட்டான்?"

"தெரியல."

"தெரியலையா?"

"நான் வண்டிக்கடியில இருந்தேன்."

அந்தக் கடைசிச் சொல்லில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் பொய்களில் எல்லாம் கனமானது அது. மருந்து நெடி வீசும் அந்தத் தாழ்வாரத்தில் அதைச் சுமந்துகொண்டு அவன் பொழுது சாயும்வரை நின்றான். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

மறுநாள் காலை முதலாளி அவனைக் கண்ணாடி அறைக்குள் அழைத்தார். உட்காரச் சொன்னார். முப்பது ஆண்டில் அதுவும் முதல் முறை.

"உன் மச்சான் எனக்கும் தம்பி மாதிரிதான். வைத்தியச் செலவு மொத்தமும் என் பொறுப்பு." ஒரு தாளை நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து. டிப்ளமா பிளக்கைக் கழட்டாமலே ‘கழட்டிட்டேன், நீங்க தொறக்கலாம்’னு சொல்லிட்டுப் போனான். நீ கேட்டே. அவ்வளவுதான்."

"அவன் கழட்டினதை நான் பாத்தேனே மொதலாளி."

"என்னத்தைப் பாத்தே? அது என்னன்னு உனக்குத் தெரியுமா? ஏதோ ஒரு பொருளைப் பையில போட்டான், பாத்தே." அவர் குரல் தாழ்ந்தது. "அவன் ஏற்கெனவே எழுதிக் குடுத்தாச்சு. சான்றிதழ் இல்லாதவன் அனுமதியில்லாம தொட்டான், தப்பு அவனோடதுன்னு. அதை நான் மேல அனுப்பினா உன் மச்சானுக்கு மாத்திரைகூட வராது. அப்புறம், அவனைத் தொடச் சொன்னது யாருன்னு கேள்வி வரும். மைனஸைக் கழட்டுன்னு யாரோ சொன்னாங்களாமே?"

பேனா மேசையில் இருந்தது. கையெழுத்திட்டால் மைத்துனனின் கை பிழைக்கும். தன் வாய்ச்சொல் மண்ணில் புதையும். மனைவியின் கேள்விக்கு என்றென்றைக்கும் ஒரு விடை கிடைத்துவிடும். தன்னைப் படிக்காதவன் என்று சொன்னவன் அழிவான். இத்தனை இலாபமும் ஒரு கோட்டில் இருந்தது.

"கையில கிரீஸ் இருக்கு மொதலாளி. கழுவிட்டு வந்து போடுறேன்," என்றான்.

தண்ணீர்க் குழாயடியில் டிப்ளமா நின்றிருந்தான். சட்டை கசங்கியிருந்தது, இரவெல்லாம் அதோடு கிடந்திருக்க வேண்டும். பதினாலு அவன் காலரைப் பற்றிச் சுவரோடு சாய்த்தான்.

"எழுதிக் குடுத்துட்டியாமே? கட்டிலேர்ந்து எந்திரிக்க முடியாதவன் மேல எழுதிக் குடுத்துட்டியாமே!"

"நானா? நீங்கதானே என் மேல குடுத்திருக்கீங்க! கையை எடுங்க! உங்க வாய்க்கொழுப்புல ஒருத்தன் கையைப் பொசுக்கிட்டு..."

அடி விழுந்தது. பதிலுக்கும் விழுந்தது. மூன்றாவது அடிக்கு முன் இருவர் முகத்திலும் பனிக்கட்டி உடைந்தாற்போல் தண்ணீர் பாய்ந்தது. வண்டி கழுவும் அக்கா, இரப்பர்க் குழாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாய்ச் சண்டைக்குத் தண்ணிதான் மருந்து. இன்னும் வேணுமா?"

இருவரும் மூச்சு வாங்கினார்கள். நனைந்த பையிலிருந்து டிப்ளமா முதலாளி கொடுத்த தாளை எடுத்து விரித்தான். கையெழுத்திடும் இடம் வெறுமையாக இருந்தது.

"ராத்திரி பூரா யோசிச்சேன். போடல," என்றான்.

பதினாலு அந்த வெற்றிடத்தையே பார்த்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் வெற்றிடத்தைப் படிக்கத் தெரியும். "எனக்கும் ஒண்ணு வெச்சிருக்காரு. கை கழுவணும்னு வந்தேன்."

"ஆக ரெண்டு பேரையும் ஒரே கத்தியால, ஒருத்தனைப் பிடியாலயும் ஒருத்தனை முனையாலயும்," என்றாள் அக்கா. "நல்ல கணக்குதான்."

டிப்ளமா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். பையிலிருந்து ஜாப் கார்டின் நகலை எடுத்தான். "இதப் பாருங்க. ‘பேட்டரி மூடி திறப்பு, மேற்பார்வை’ன்னு என் கையெழுத்து. அந்த நேரத்துல நான் நெடுஞ்சாலையில. ஸ்டாம்பு. பிளக்கை நான்தான் கழட்டினேன், அவர் கையில குடுத்தேன். மறுபடி யார் செருகினதுன்னுதான் தெரியல. நான் போனப்புறம் டேஷ்போர்டுல விளக்கு எரிஞ்சதை யாராவது பாத்தீங்களா?"

பதினாலு மெல்ல நிமிர்ந்தான்.

"நீலமும் பச்சையும்."

"என்ன?"

"எரிஞ்சுச்சு. நீலமும் பச்சையும். மொதலாளி பின்னாடி குனிஞ்சாரு, முன்னாடி போயி பொத்தானை அழுத்தினாரு. வண்டிக்காரருக்குக் காட்டினாரு. நான் பாத்தேன்."

"அந்த விளக்கு... பிளக் உள்ள இருந்தாத்தான் எரியும்."

கண்ட கண் ஒருவனிடம் இருந்தது. கண்டதன் பொருள் மற்றவனிடம் இருந்தது. இடையில் ஆறு மாதம் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான் பதினாலு. சொற்கள் துருவேறிய நட்டுப்போல் திருகித் திருகி வந்தன. "மைனஸைக் கழட்டிட்டுத் தொறன்னு சொன்னது நான். ஸ்பானரும் நான்தான் குடுத்தேன். உன்மேல இருந்த கடுப்புல."

ஓர் ஏளனத்துக்குக் காத்திருந்தான். அது வரவில்லை.

"சின்ன பேட்டரி வண்டிக்குத்தான் உயிரு. பெரியது தன் உயிரைத் தானே வெச்சிருக்கும்," என்றான் டிப்ளமா. "அதை நான் அன்னிக்கே ஒரு வார்த்தையில சொல்லியிருக்கலாம். ‘படிக்காதவன்’னு சொன்னேன்." "நெடுஞ்சாலையில என்ன ஆச்சு தெரியுமா? கம்ப்யூட்டர் ஒரு தப்பைக் காட்டுச்சு. அதையே மூணு மணி நேரம் நோண்டினேன். கடைசியில பக்கத்துல நின்ன லாரி டிரைவர் ஒருத்தரு வயரைக் கையால நீவிக்கிட்டே வந்து, எலி கடிச்ச இடத்துல நிறுத்தினாரு. ‘இது எந்தப் பாடத்துல வருது தம்பி?’ன்னு கேட்டாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பதினாலுக்கும் வந்தது, உதட்டில் அடிபட்டிருந்ததால் வலித்தது.

பத்து மணிக்கு ஒன்பது பேரில் எஞ்சிய எட்டுப் பேரும், டிப்ளமாவும், அக்காவும் அந்த வண்டியைச் சுற்றி நின்றார்கள். சுத்தியல் ஓயவே கண்ணாடி அறைக் கதவு திறந்தது.

"என்ன கூட்டம்? டிப்ளமா, இந்த வண்டியை முடி. சாயங்காலம் கேட்டு வராங்க."

"முடிக்க மாட்டேன் சார். என் ஸ்டாம்பை எடுத்துட்டு வாங்க. என் கண்ணு முன்னாடி உடைக்கணும்."

"பதினாலு! கை கழுவிட்டு வரேன்னியே?"

"கழுவிட்டேன் மொதலாளி. அதான் போட முடியல."

டிங்கர் பக்கத்திலிருந்தவனிடம், ‘என்ன சொன்னான்?’ என்று கேட்டு, கேட்டறிந்து, காலந்தாழ்த்திச் சிரித்தார். முதலாளியின் முகம் கறுத்தது.

"பிளக்கை மறுபடி மாட்டினது நீங்க," என்றான் பதினாலு. "நான் கண்ணால பாத்தேன்."

"பாத்தியா? சான்றிதழ் இருக்கா உன் கண்ணுக்கு? மைனஸைக் கழட்டுன்னு சொன்னவன் நீ. கேஸ்னு போனா முதல்ல உள்ள போறது நீதான்!"

"போறேன். எழுதியே தரேன். என் தப்பையும் எழுதித் தரேன், உங்க தப்பையும் எழுதித் தரேன். ஒண்ணை விட்டு ஒண்ணைத் தரமாட்டேன்."

அப்போதுதான் வாயிலில் நின்றவளைக் கண்டான். வைத்தியப் பொறுப்பு யாருடையதென்று முதலாளியிடமே கேட்க வந்திருந்த அவன் மனைவி, கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முழுவதையும் கேட்டிருந்தாள். அவன் தலை கவிழவில்லை. கவிழ்க்க விரும்பினான், கவிழ்த்தால் சொன்ன சொல் பாதியாகிவிடுமென்று நிமிர்ந்தே நின்றான்.

"வைத்தியம் முழுசும் பட்டறைப் பொறுப்பு," என்றான் பெயின்டர். "பழைய கூலி."

"அப்புறம் இந்தப் பேட்டரி வண்டி வேலையை எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கணும், வேலை நேரத்துல," என்றான் டிப்ளமா. "சொல்லிக் குடுத்துப் பரீட்சை வைங்க. தேறினவங்களுக்குச் சான்றிதழ் குடுங்க. அதுவரைக்கும் யாரும் எந்த வண்டியையும் தொட மாட்டோம்."

"நீயுமா? இவனுங்களுக்காகவா? உன்னைப் பாத்து மூக்கைப் பொத்தினவனுங்க!"

"இன்னிக்குக் காலையிலகூட அடிச்சாரு," என்று கன்னத்தைத் தடவினான் டிப்ளமா. "நல்ல கை."

"வாசல்ல நூறு பேரு வேலைக்கு நிக்கிறான். தெரியுமா?"

"நிக்கட்டும் மொதலாளி," என்றாள் அக்கா. "நாங்களும் வாசல்லதான் உக்காரப் போறோம். அவங்களுக்குப் பேச்சுத் துணை ஆச்சு."

முதலாளி கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். உள்ளே செல்போன் காதுக்குப் போயிற்று. யாரை அழைத்தார், என்ன வரும் என்பது எவருக்கும் தெரியாது. வைத்தியம் உறுதியாகவில்லை, கூலி ஏறவில்லை, ஸ்டாம்பு இழுப்பறையிலேயே கிடந்தது.

வெளியேறத் திரும்பியவர்களை டிப்ளமா நிறுத்தினான். "இருங்க. இதை இப்படியே விட்டுட்டுப் போக முடியாது. பிளக் இன்னும் உள்ளதான் இருக்கு. நேத்திலேருந்து யாரும் தொடல. தெரியாம யாராவது கை வெச்சா இன்னொரு கை போகும். வேலை செய்ய வேணாம். உயிரை மட்டும் எடுத்து வெச்சிட்டுப் போவோம்."

கையுறை மாட்டினான். பின்கதவுக்குள் குனிந்து, திருகி, இழுத்தான். ஆரஞ்சு பிளக் வெளியே வந்தது. அதை அவன் தன் பையில் போடவில்லை, பதினாலிடம் நீட்டினான்.

"உங்க பின்பாக்கெட் காலியாத்தானே இருக்கு?"

பதினாலு வாங்கி, ஸ்பானர் முப்பது ஆண்டு இருந்த இடத்தில் செருகிக்கொண்டான். இலேசாக இருந்தது.

"இனி பத்து நிமிஷம். அப்புறம் முனைகளை மூடிடலாம்," என்று டிப்ளமா நேரம் பார்க்கச் செல்போனை எடுத்தான். பதினாலு அவன் கையைத் தாழ்த்தினான்.

"வேணாம்பா. என்கிட்ட ஒரு அளவு இருக்கு."

செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தான். உருகி வளைந்த ஸ்பானர் ஒட்டிக் கிடந்த திசை நோக்கிக் கைகூப்பினான். முப்பது ஆண்டாய் வண்டிக்கடியில் முணுமுணுத்ததை முதன்முறையாக எல்லார் முன்னும் நின்று வாய்திறந்து பாடினான். இசை தேர்ந்த குரல் அன்று. டீசல் புகை தின்ற குரல். முதற்பாட்டு தடுமாறிற்று. மூன்றாவதில் அக்கா, சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் போய் மூடிவிட்டு வந்து நின்றாள். ஐந்தாவதில் டிங்கர், கேட்காதவர், பாடுகிறவன் உதடுகளையே பார்த்துக்கொண்டு சுத்தியலைத் தரையில் மெல்ல வைத்தார். எட்டாவதில், மைத்துனன் வழக்கமாய்க் குனிந்து கேட்கும் அந்த இடத்தில், குரல் உடைந்து நின்றது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. யாருக்கும் பாட்டு தெரியாது. அவனே எடுத்தான். ஒன்பது, பத்து. பாடுவோர் துயரின்றி வாழ்வர் என்று பயன் சொல்லும் பதினோராவது பாட்டும் முடிந்தது.

டிப்ளமா செல்போனைப் பார்த்தான். "பத்து நிமிஷம்," என்றான். "இல்ல, பத்தே முக்கால் நிமிஷம்."

"முக்கால் உனக்கு. வெச்சுக்க," என்றான் பதினாலு.

டிப்ளமா முனைகளை மூடினான். வாயிலை விட்டு அவன் மனைவி உள்ளே வந்தாள். கணவன் முன் நின்றாள்.

"உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன்," என்றாள்.

அவன் தலையசைத்தான்.

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். பனியில் வெடித்த கைகள், நகம் கறுத்த கைகள், இரப்பர் உறைக்குள் இன்னும் இருக்கும் இரண்டு கைகள், தண்ணீரில் ஊறி வெளுத்த அக்காவின் கைகள். ஒவ்வொன்றையும் பார்த்தாள். "காலையில பெருவிரலை அசைச்சான்," என்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வலக்கையைச் சற்றே உயர்த்தினாள்.

"எல்லாரும் நல்லா இருங்க. கொண்டு போன கையோட வீடு வந்து சேருங்க. நீங்க தொட்டதெல்லாம் ஓடட்டும். உங்களைத் தொட்டு எதுவும் சுடாம இருக்கட்டும்."